ஒரு நாற்காலிக்கு இரண்டு பிறந்த வருடம்: விண்டேஜ் லவுஞ்ச் சேர் வாங்கப் போகிறவர்களுக்கு

"ஒரிஜினல் 1956 விண்டேஜ் மாடர்ன் லவுஞ்ச் சேர். புத்தம் புதியது. ஆறு நிறங்களில் கிடைக்கும்."

வீட்டுக்குச் சாமான் தேடுகிறவர்களின் போனில் இப்படி ஒரு விளம்பரம் எப்படியும் வந்து விழும். நிதானமாகப் படித்தால் தலை சுற்றும். 1956ஆம் ஆண்டு நாற்காலி எப்படிப் புத்தம் புதியதாக இருக்கும்? விண்டேஜ் என்றால் பழசு, மாடர்ன் என்றால் புதுசு என்றுதானே புரிந்துவைத்திருக்கிறோம், இரண்டையும் ஒரே பொருளுக்கு எப்படிச் சொல்கிறார்கள்?

விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சிலர் சொல்கிறார்கள்தான். ஆனால் பல நேரங்களில் நடப்பது வெறும் குழப்பம். இந்த வடிவத்தை எப்போது உருவாக்கினார்கள், இந்த நாற்காலியை எப்போது செய்தார்கள், யார் செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளை ஒரே வரியில் போட்டுப் பிசைந்துவிடுகிறார்கள். மூன்றையும் பிரித்துக் கேட்டால் விலை விஷயத்தில் அவ்வளவு சுலபமாக ஏமாற மாட்டீர்கள். நாலாவதாக இன்னொரு கேள்வி உண்டு: அதில் உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன ஆகிறது? என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். கடைகளில் கடைசியில்கூட யாரும் கேட்பதில்லை.

## எது லவுஞ்ச் சேர்

சாப்பாட்டு மேசை நாற்காலியில் நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம். கை மேசையில் வேலை செய்கிறது, பாதம் தரையில் அழுந்தியிருக்கிறது, எடை முழுக்க இருக்கையில் இறங்குகிறது. லவுஞ்ச் சேர் என்பது வேலை எதுவும் செய்யாமல் சாய்ந்து கிடப்பதற்கான நாற்காலி. இருக்கை தாழ்வாக இருக்கும், பின்பக்கம் சரிந்திருக்கும், முதுகுப் பலகையும் நன்றாகச் சாய்ந்திருக்கும்.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. தாத்தா காலத்து ஈஸி சேர் இந்த இனம்தான். துணி தொங்கும் மடக்கு ஈஸி சேரும் சரி, பிரம்பு பின்னி, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைப்பிடி வைத்த தோட்டத்துரை நாற்காலியும் சரி, இரண்டுமே லவுஞ்ச் சேர்கள். ஷோரூமில் ஆங்கிலப் பெயரோடு நிற்பதால் அது வேறு ஏதோ பொருள் என்று நினைக்க வேண்டியதில்லை.

## மாடர்ன், விண்டேஜ், ஆன்டிக்

மரச்சாமான் வியாபாரத்தில் மாடர்ன் என்றால் "இப்போதைய" என்று பொருள் இல்லை. அது ஒரு காலகட்டத்தின் பெயர். ஏறக்குறைய 1920களில் தொடங்கி 1960களின் கடைசிவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. செதுக்கு வேலையும் பூவேலையும் வேண்டாம், எஃகுக் குழாய், ப்ளைவுட், ஃபோம் போன்ற புதிய பொருள்களை வைத்து, எது எதைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்படி செய்வோம் என்று வடிவமைப்பாளர்கள் கிளம்பினார்கள். ஜெர்மனியின் பௌஹௌஸ் வடிவமைப்புப் பள்ளியில் இருந்த மார்செல் ப்ரோயர், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு 1925 வாக்கில் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் 1929இல் பார்சிலோனா கண்காட்சியின் ஜெர்மன் அரங்குக்காகச் செய்த நாற்காலியை இன்றும் பெரிய நிறுவனங்களின் வரவேற்பறையில் பார்க்கலாம், அசலோ நகலோ.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இருபது இருபத்தைந்து வருடங்களைத் தனியாக 'மிட் செஞ்சுரி' என்கிறார்கள். அமெரிக்காவில் ஈம்ஸ் தம்பதி, டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல், ஆர்னே யாகப்சன் எல்லாரும் இந்தக் காலத்தவர்கள். டேனிஷ் ஆட்கள் அன்று அதிகம் பயன்படுத்தியது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு.

அடுத்தது விண்டேஜ். அந்தப் பொருள் அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது என்று பொருள். ஆக 'விண்டேஜ் மாடர்ன்' என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. மாடர்ன் பாணியில், அந்தப் பாணி நடப்பில் இருந்த காலத்திலேயே செய்த சாமான், அவ்வளவுதான். மரச்சாமானுக்கு விண்டேஜ் என்று சொல்ல இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஆன்டிக் என்பதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருள்தான் தொல்பொருள், அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இந்த நூறு வருடக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், சண்டிகர் கதையில் தேவைப்படும்.

## இரண்டு வருடங்கள்

உலகிலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட லவுஞ்ச் சேர்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் வடிவமைத்து, ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. வளைந்த மரத் தகட்டில் தோல் மெத்தை, கூடவே கால் வைக்க ஒரு ஸ்டூல். இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் தம்பதி அமெரிக்கக் கடற்படைக்காக, காயம்பட்ட காலை அசையாமல் கட்டிவைக்கும் ப்ளைவுட் தகடுகளைச் செய்தார்கள். மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேண்டிய வளைவுக்குக் கொண்டுவரும் வித்தை அப்போது கைக்கு வந்தது. பிற்பாடு அதுவே நாற்காலியாக ஆயிற்று.

விஷயம் என்னவென்றால், அந்த நாற்காலி 1956 முதல் இன்றுவரை நிற்காமல் தயாராகிறது. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர், ஐரோப்பாவில் விட்ரா. போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அசல்தான், ஆனால் விண்டேஜ் இல்லை. 1962இல் செய்தது அசலும் விண்டேஜும். வேறொருவர் போன மாதம் செய்தது நகல். 1970களிலேயே வேறொரு கம்பெனி பார்த்துச் செய்தது விண்டேஜ் நகல், அப்படியும் ஒரு வகை சந்தையில் இருக்கிறது. நாலு நாற்காலிக்கும் விளம்பரத்தில் '1956' என்று போடலாம். வடிவம் பிறந்த வருடத்தைச் சொன்னதாக ஆகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ரொம்பச் சின்னது: "டிசைன் வருஷம் தெரியும். இந்த நாற்காலி எந்த வருஷம் செய்தது?" பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பதிலைச் சரிபார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. ஈம்ஸ் நாற்காலியின் அசலில் நாற்காலிக்கு ஐந்து கால், ஸ்டூலுக்கு நாலு கால். நாற்காலிக்கே நாலு கால் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அசலில் வெளிப்பக்க மரத்தில் எங்கும் ஸ்க்ரூ தலை தெரியாது. அசல் சுழலும், ஆனால் சாய்வை மாற்ற முடியாது. லீவரை இழுத்தால் படுக்கிற மாதிரி ஆகிறது என்றால் அது வேறு யாரோ சேர்த்த வசதி. ஆரம்ப கால நாற்காலிகளில் மரத்தகடு 5 அடுக்கு, பிற்காலத்தில் 7 அடுக்கு. விளிம்பைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும், எண்ணிவிடலாம். மேலே ஒட்டியிருக்கும் அலங்கார மரத்தாளுக்கு வெனீர் என்று பெயர். பழைய நாற்காலிகளில் அது பிரேசில் ரோஸ்வுட். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் 1992இல் அந்த மரத்தை மிகக் கடுமையான தடைப்பட்டியலில் சேர்த்தது. எனவே 'புத்தம் புதிய பிரேசில் ரோஸ்வுட் சேர்' என்று யாராவது சொன்னால், மரமாவது வேறாக இருக்க வேண்டும், இல்லை புதிது என்பதாவது பொய்யாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய ரோஸ்வுட் நாற்காலியை வரவழைப்பவர்கள் அதற்கான சான்றிதழ் இல்லாமல் பணம் கட்டக் கூடாது, சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சுருக்கிக்கொள்வோம். மாடர்ன் என்பது பாணியின் பெயர், விண்டேஜ் என்பது அந்தக் குறிப்பிட்ட நாற்காலியின் வயது. விளம்பரத்தில் வரும் வருடம் பெரும்பாலும் டிசைன் வருடம்.

## யார் செய்தது? சண்டிகர் நாற்காலியின் கதை

மூன்றாவது கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

பிரிவினையில் லாகூர் போனதும் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லே கார்பூசியே சண்டிகரைத் திட்டமிட்டார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951இல் வந்து 1965வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். ஊருக்குத் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் எல்லாம் எழும்பியபோது அவற்றில் போட ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி வேண்டியிருந்தது. ஜான்னரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்த குழு அவற்றை வரைந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்துப்போட்ட 'வி' மாதிரியான கால்கள். உள்ளூர்ப் பட்டறைகள் பலவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துச் செய்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு என்று எதுவும் இல்லை. ஒரே வரைபடத்தை வைத்து வேறு வேறு ஆசாரிகள் செய்ததால் ஒரே வகை நாற்காலிக்குள்ளேயே கால் தடிமன் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். ஈம்ஸ் நாற்காலியில் அளவு மாறினால் சந்தேகப்படலாம். சண்டிகர் நாற்காலியில் அளவு மாறுவது இயல்பு. ஆகவே போலி செய்கிறவனுக்கு வேலை சுலபம்.

கொஞ்ச காலம் கழித்து அந்த நாற்காலிகள் அலுவலகங்களில் உடைந்து, மொட்டை மாடியிலும் வராந்தாவிலும் குவிந்தன. அரசு அலுவலக வழக்கப்படி கழிவுப் பொருள் என்று முத்திரை குத்திச் சொற்ப விலைக்கு ஏலம் விட்டார்கள். பாரிஸ் வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கிப் போய், துடைத்து, பழுதுபார்த்து, அங்கே பெரிய விலைக்கு விற்றார்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஏல நிறுவனங்களில் சண்டிகர் நாற்காலி கௌரவச் சின்னமாகிவிட்டது. நம்மூரில் விழித்துக்கொள்வதற்குள் நிறையப் போய்விட்டது. அரசு அலுவலகங்கள் இந்த மரபுச் சாமான்களை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் உத்தரவிட்டது. ஆனால் ஏற்கெனவே வெளியே போனதைத் திரும்பக் கேட்கத் தொல்பொருள் சட்டம் உதவவில்லை, நூறு வயது ஆகவில்லையே.

சரி, இன்றைக்கு ஒருவர் உங்களிடம் 'ஒரிஜினல் சண்டிகர் சேர்' என்று காட்டினால் என்ன கேட்பது? இந்த நாற்காலி எந்தக் கட்டடத்தில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, ஏலச் சீட்டோ ரசீதோ உண்டா என்று கேட்க வேண்டும். பொருளின் இந்தக் கைமாறிய வரலாற்றைச் சந்தையில் ப்ராவனன்ஸ் என்பார்கள். அலுவலகப் பெயரும் எண்ணும் சாமானின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும், அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் பெயின்டும் தூரிகையும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்பதால் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. தேய்மானத்தைப் பாருங்கள். உண்மையான நாற்காலி கை படும் இடத்தில் வழவழப்பாகவும், காலின் கீழ் விளிம்பில் துடைப்பத்தின் ஈரம் பட்டுக் கறுத்தும், யார் கையும் போகாத அடிப்பகுதியில் மங்கலாகவும் இருக்கும். போலியில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உப்புத்தாள் எடுத்தவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இன்று இதே வடிவத்தைப் புதிதாக, புதிது என்று சொல்லியே செய்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் காசினா 2019 முதல் செய்கிறது, பெங்களூரில் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் செய்கிறது. இவற்றை நகல் என்று ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. மூலமே பல பட்டறைகளில் செய்ததுதான். இந்தியாவில் பதிவுசெய்த வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு முதலில் 10 வருடம், புதுப்பித்தால் இன்னும் 5, ஆக 15 வருடம்தான். எனவே இங்கே பழைய வடிவத்தை அதன் தயாரிப்பாளர் பெயர் போடாமல் செய்து விற்பதைப் பெரிய குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. புதுசைச் செய்து, பழசு என்று சொல்லி, பழசின் விலை கேட்பதுதான் மோசடி.

## உட்கார்ந்தால் என்ன நடக்கிறது

இனி நாலாவது கேள்வி. இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் 'மெத்துமெத்தென்று இருந்தால் சொகுசு' என்ற பரவலான நம்பிக்கை இங்கே உடைகிறது. லவுஞ்ச் சேரின் சொகுசு மெத்தையில் இருப்பதைவிடக் கோணத்தில்தான் அதிகம் இருக்கிறது.

ஏணியைச் சுவரில் சாய்த்து வைப்பதை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட நேராக வைத்தால் நிற்கும். சாய்வு கூடக் கூட அடிப்பக்கம் தரையில் வழுக்கி வெளியே ஓடப் பார்க்கும். நம் முதுகுதான் அந்த ஏணி, இடுப்பு ஏணியின் அடி. முதுகுப் பலகை சாய்ந்திருந்தால் உடம்பின் எடையில் ஒரு பங்கு அதற்குப் போகிறது, முதுகெலும்புத் தட்டுகளின் மேல் அழுத்தம் குறைகிறது. சாய்ந்ததும் 'அப்பாடா' என்று வருவது அதனால்தான். ஆனால் அதே சாய்வு இடுப்பை முன்னால் தள்ளவும் செய்கிறது. இருக்கை சமதளமாக இருந்தால் பத்து நிமிடத்தில் இடுப்பு முன்னால் வழுக்கும், முதுகின் கீழ்ப்பகுதி வில்லாக வளையும், அங்கே வலி தொடங்கும்.

ஏணி வழுக்காமல் இருக்க அடியில் ஒருவர் காலை வைத்து மிதித்துக்கொள்வார் அல்லவா, லவுஞ்ச் சேரில் அந்த வேலையை இருக்கையின் சரிவு செய்கிறது. இருக்கையின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் இடுப்பு வழுக்க வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். முதுகு எவ்வளவு சாய்கிறதோ அதற்கேற்ப இருக்கையும் சரிய வேண்டும். ஈம்ஸ் நாற்காலியில் இருக்கை சுமார் 15 டிகிரி சரிந்தே பொருத்தப்பட்டிருக்கிறது. நம் துணி ஈஸி சேரில் துணி தானாகவே தொங்கி அந்தச் சரிவைக் கொடுத்துவிடுகிறது.

எண்ணில் சொன்னால், சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை சுமார் 45 சென்டிமீட்டர் உயரம். லவுஞ்ச் சேரின் முன்விளிம்பு 38 முதல் 42 சென்டிமீட்டர்வரை இருக்கலாம். இருக்கைக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட கோணம் சாப்பாட்டு நாற்காலியில் 95 முதல் 100 டிகிரி, லவுஞ்ச் சேரில் 105 முதல் 115 டிகிரி. இருக்கை ஆழம் 50 சென்டிமீட்டர், சரிவு 10 டிகிரி என்றால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். கடையில் இஞ்ச் டேப்பை வைத்து முன்னும் பின்னும் அளந்தாலே இது தெரிந்துவிடும். முதுகு மட்டும் நன்றாகச் சாய்ந்து, இருக்கையில் வித்தியாசமே இல்லாத நாற்காலி போட்டோவுக்கு அழகாக இருக்கும், உட்கார ஆகாது. மலிவான நகல்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இருக்கையின் ஆழத்தையும் பாருங்கள். முதுகு முழுக்கப் பலகையில் படும்படி உட்கார்ந்தபின் முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அந்த நாற்காலி உங்களைவிட நெட்டையான ஒருவருக்காகச் செய்தது. ஐரோப்பிய நாற்காலிகள் பலவற்றில் நம் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் வரும். ஈம்ஸ் நாற்காலியை இப்போது உயரமானவர்களுக்கென்று பெரிய அளவிலும் செய்கிறார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பழைய அளவே பொருத்தம்.

சுருக்கமாக: சாய்வு முதுகின் பாரத்தைக் குறைக்கிறது, சரிவு அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிக்கிறது. மெத்தை இரண்டுக்கும் அப்புறம்தான்.

## எழுந்திருப்பது

உட்காரும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. எழுந்திருக்க வேண்டுமானால் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வர வேண்டும். அதற்கு நாம் காலைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து, கையால் ஊன்றுகிறோம். இருக்கைக்குக் கீழே முன்பக்கம் பலகை அடைத்திருந்தால் கால் பின்னால் போகாது. கைப்பிடி இல்லாவிட்டால் ஊன்ற முடியாது. இருக்கை தாழ்வாகவும் இருந்துவிட்டால், முழங்கால் வலி உள்ளவர் யாராவது கைகொடுக்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அறுபது வயதுக்கு மேற்பட்ட அப்பா அம்மாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால், 42 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும், முன்விளிம்புவரை நீளும் உறுதியான கைப்பிடியும் இருக்கட்டும். பெயர் பெற்ற டிசைன்களில் பாதி இந்தச் சோதனையில் தோற்கும். பார்சிலோனா நாற்காலிக்குக் கைப்பிடியே கிடையாது.

## வயதானால் எது கெடும்

பழைய நாற்காலியின் மரச்சட்டம் பெரும்பாலும் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். மற்றவை அப்படி இல்லை.

முதலில் ரப்பர். ஈம்ஸ் நாற்காலியில் கைப்பிடிக்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவே வட்டமான ரப்பர் வில்லைகள் ஒட்டியிருக்கும், ஷாக் மவுண்ட் என்று பெயர். சாயும்போது முதுகு லேசாக நெகிழ்வது இவற்றால்தான். பல வருடங்களில் ரப்பர் இறுகிப் போகும், பசை விடும். ஒருநாள் சாய்ந்தவரோடு முதுகுத் தகடே பெயர்ந்து வரும், சில சமயம் மரத்தையும் பிய்த்துக்கொண்டு. வாங்கும் முன் கைப்பிடிப் பஞ்சைக் கழற்றிக் காட்டச் சொல்லி அந்த வில்லைகளைப் பாருங்கள். மாற்றியிருந்தால் நல்லது. '60 வருஷமாக யாரும் கைவைக்கவில்லை' என்று பெருமையாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும். டேனிஷ் நாற்காலிகளில் மெத்தைக்கு அடியில் ரப்பர் பட்டைகள் குறுக்கே ஓடும். கையால் அழுத்தினால் துள்ள வேண்டும். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

ஃபோம் தூளாகும். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்ததும் மஞ்சள் பொடி கொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. இது பேரம் பேசக் கிடைத்த காரணம், வாங்காமல் இருக்கக் காரணம் இல்லை.

பிரம்பு நம் பலம். தொய்ந்த பின்னலை அடிப்பக்கமாக ஈரத் துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவைத்தால் இழுத்துக்கொள்ளும். அறுந்திருந்தால் பின்னித்தர ஆள் உண்டு. பார்வையற்றவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் கைத்தொழில் இது. ரயில்வே உள்ளிட்ட அரசுத் துறைகளில் நாற்காலி பின்னுவதற்கென்றே அவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். விரல் நுனியாலேயே இழையின் இறுக்கத்தைப் பார்த்துவிடுவார்கள். பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் பின்னல் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் எல்லா இழையும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. பிரம்பில் ஒவ்வொரு இழைக்கும் நிறம் கொஞ்சம் மாறும், கணுவின் தடம் இருக்கும்.

மரத்தில் பார்க்க வேண்டியது உளுப்பு. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் நாற்காலியைச் செய்தித்தாள் மேல் வைத்துத் தட்டுங்கள். மாவு மாதிரி வெளிர் பொடி புதிதாக விழுந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது, வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் போகும். வைரம் பாய்ந்த தேக்கில் இந்தத் தொல்லை அரிது. ஓரத்து வெளிர் மரத்தையும் சேர்த்து அறுத்த சட்டங்களில்தான் வரும். அப்புறம், இரண்டு கைப்பிடியையும் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். எந்த மூட்டு அசைகிறது என்று கைக்கே தெரியும். மூட்டு தளர்ந்திருந்தால் நல்ல ஆசாரி பிரித்துப் பசை போட்டு இறுக்கிவிடுவார். மூட்டுக்கு மேல் ஆணி அடித்து, பட்டி பூசி, பாலிஷ் போட்டு மறைத்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

## நம் வீடு, நம் வெயில்

பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஈம்ஸ் நாற்காலியும் ஸ்டூலும் போட்டால் நீளவாட்டில் ஐந்தரை, ஆறடி போய்விடும். நடக்க வழி விட வேண்டும், பின்னால் சுவரில் இடிக்காமல் சுழலவும் வேண்டும். வாங்கும் முன் அந்த அளவுக்குத் தரையில் செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள், போதும்.

தோல் மெத்தை குளிரூட்டிய அறைக்குச் சரி. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஏசி இல்லாத ஹாலில் மே மாதம் முதுகு ஒட்டும், ஐப்பசியில் பூசணம் பூக்கும். ஈரக் காற்றில் பழைய வெனீர் விளிம்பில் பெயரவும் தொடங்கும். சண்டிகர்க்காரர்கள் தேக்கும் பிரம்பும் எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. பிரம்பில் காற்று போகும். நம் வெயிலுக்கு அந்தக் கூட்டணியைத்தான் நான் சொல்வேன், மேலே கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்ட மெல்லிய மெத்தையோடு.

## ஆசாரியிடம் போகலாமா

தாராளமாக. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கில் செய்த ஈஸி சேர்கள் கிடைக்கின்றன, அவற்றில் சில மிக நல்ல லவுஞ்ச் சேர்கள். பெயர் தெரிந்த வடிவமைப்பாளர் யாரும் இல்லாததால் பெயருக்கான விலையும் இல்லை. அப்படி ஒன்று அமையவில்லை என்றால் செய்துகொள்ளலாம். பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் தேக்கு உத்தரமோ கதவுச் சட்டமோ வாங்கிக் கொடுங்கள், நன்றாகக் காய்ந்த மரம், இனித் திருகாது. ஆனால் ஆசாரியிடம் இணையப் படத்தை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். படத்தில் கோணம் தெரியாது. முன்விளிம்பு உயரம் 40, பின்விளிம்பு 31, இருக்கை ஆழம் 50, இருக்கைக்கும் முதுகுக்கும் கோணம் 110 டிகிரி, கைப்பிடி உட்காரும் இடத்திலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் மேலே என்று எழுதிக் கொடுங்கள். மெத்தை போடுவதாக இருந்தால் உட்கார்ந்ததும் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். தேக்கில் கைவைக்கும் முன் பேக்கிங் பெட்டிப் பலகையில் ஒரு மாதிரி அடிக்கச் சொல்லி, அதில் இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு முன்னால் வழுக்கினால் பின்விளிம்பை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கச் சொல்லலாம், எழுந்திருக்கச் சிரமமாக இருந்தால் மொத்த நாற்காலியையும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றலாம்.